கம்பியில்லாச் சுட்டியும் பழுதைச் சொல்லும் தமிழும்

கம்பியில்லாச் சுட்டி மக்கர் செய்யும்போது படித்தவர் வாயிலிருந்து வரும் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "மவுஸ் வேலை செய்யவில்லை." மல்லேஸ்வரத்துக் கணினிக் கடைகளில் அதுவே "மௌஸ் வர்க் ஆக்தில்ல" என்று கன்னடத்தில் ஒலிக்கும். மொழி மாறினாலும் செய்தியின் அளவு மாறுவதில்லை. கடைக்காரர் மறுபேச்சின்றிப் புதியதொன்றை எடுத்து நீட்டுவார். அவரைக் குறை கூற இயலாது. அந்த வாக்கியத்திலிருந்து அவர் அறியக்கூடியது, வந்தவருக்கு ஒரு சுட்டி தேவை என்பது மட்டுமே.

இதனோடு பம்புசெட் வைத்திருக்கும் ஓர் உழவரின் பேச்சை ஒப்பிட்டுப் பார்க்கலாம். "மோட்டார் ஓடுது, தண்ணி எடுக்கல" என்பது ஒரு பழுது. "எடுக்குது, ஆனா விட்டுவிட்டு வருது" என்பது வேறொரு பழுது. "காத்துப் புடிச்சிருக்கு" என்பது காரணத்தையே சொல்லிவிடும் வாக்கியம். இருசக்கர வாகனப் பட்டறையிலும் நிலை இதுவே. "ஸ்டார்ட் ஆகுது, நிக்க மாட்டேங்குது", "ஏத்தத்துல திணறுது", "மிஸ்ஸிங் அடிக்குது" என்று சொல்லும்போதே, வண்டியைத் தொடுவதற்கு முன், எங்கே கைவைக்க வேண்டும் என்பது மெக்கானிக்குக்குப் பாதி விளங்கிவிடுகிறது. இவர்களில் பலர் கல்லூரிப் படி ஏறியதில்லை. ஆயினும் பழுதைப் பிரித்துச் சொல்லும் மொழி இவர்களிடம் இருக்கிறது. ஆய்வேடு எழுதுபவரிடம், தாம் நாள்முழுதும் கைக்குள் வைத்திருக்கும் ஒரு கருவியைப் பொறுத்தவரை, அது இல்லை.

இந்தக் குறை அற்பமானதாகத் தோன்றலாம். சுட்டியின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் இதில் மூன்று இழப்புகள் சேர்ந்திருக்கின்றன. பழுதில்லாத கருவி குப்பைக்குப் போகிறது. உண்மையான காரணம் மேசையிலேயே தங்கிவிடுவதால், புதிதாக வாங்கியதும் அதே இடத்தில் தடுமாறுகிறது. மூன்றாவது இழப்பு மொழிக்கு: தொழில்நுட்பத் தமிழ் என்பது பெயர்ச்சொற்களின் பட்டியலாகவே நின்றுவிடுகிறது.

கம்பி இருந்த காலத்தில் பழுதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது. டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் கருத்தின்படி பில் இங்கிலிஷ் 1964-இல் உருவாக்கிய முதல் சுட்டி, அடியில் இரண்டு சக்கரங்கள் பொருத்திய ஒரு மரக்கட்டை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அது பொதுமேடையில் இயக்கிக் காட்டப்பட்டது. அதன் பின்னர் வந்த உருண்டைச் சுட்டிகளில் உருண்டையைக் கழற்றி, உள்ளே உருளைகளில் படிந்த அழுக்கை நகத்தால் சுரண்டி எடுக்கும் பழக்கம் கணினி ஆய்வகங்களில் இருந்தது. கம்பி வளைந்து நைந்திருந்தால் அதுவும் தெரிந்தது. பழுது தெரிந்ததால் சொல்லவும் முடிந்தது.

1990-களின் இறுதியில் உருண்டை போய் ஒளியுணரி வந்தது. வானொலி அலையில் இயங்கும் சுட்டிகள் பரவியபோது கம்பியும் போயிற்று. அழுக்குச் சேரும் உருளையும் நைந்துபோகும் கம்பியும் ஒழிந்தது நன்மையே. ஆனால் பழுது கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தெரியாததைச் சொல்லப் புதிய சொற்கள் வேண்டியிருந்தன, அவை உருவாகவில்லை.

கம்பியில்லாச் சுட்டியின் வேலை மூன்று கட்டங்களில் நடக்கிறது. முதலாவது, பார்த்தல். சுட்டியின் அடியில் உள்ள சிறு விளக்கு மேசையின்மேல் சாய்வாக ஒளி வீச, அருகிலிருக்கும் மிகச் சிறிய ஒளிப்பட உணரி நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. இரண்டாவது, அனுப்புதல். அந்தக் கணக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிறு பொதிகளாகக் காற்றில் செல்கிறது. மூன்றாவது, பெறுதல். கணினியின் யூ.எஸ்.பி. போர்ட்டில் செருகிய டாங்கிள் அதை வாங்கிக் கணினியிடம் ஒப்படைக்கிறது. புளூடூத் சுட்டியாயின் டாங்கிளின் வேலையைக் கணினிக்குள் இருக்கும் சில்லே செய்யும். இம்மூன்றுக்கும் ஆற்றல் தருவது மின்கலம். பழுது இவற்றில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சுட்டி என்ற பொருளுக்கு வெளியேயும் இருக்கலாம்.

வெளியே என்பதற்கு மல்லேஸ்வரமே தக்க எடுத்துக்காட்டு. 1898-இன் கொள்ளைநோயை ஒட்டி, நெருக்கமான பழைய பேட்டையிலிருந்து விலகிக் காற்றோட்டமாக வாழ்வதற்கென வளர்ந்த குடியிருப்பு இது. நேரான குறுக்குத் தெருக்களும் தோட்டம் சூழ்ந்த வீடுகளும் அதன் அடையாளங்கள். அவ்வீடுகள் பல இன்று அடுக்ககங்களாகிவிட்டன. இந்திய அறிவியல் கழகம் பக்கத்திலேயே இருப்பதால், மாடி அறைகளில் ஆய்வு மாணவர்களும் நிறைந்திருக்கின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வை-ஃபை ரௌட்டர், ஒரு மைக்ரோவேவ் அடுப்பு, நாலைந்து புளூடூத் கருவிகள். காற்றோட்டத்துக்காக அமைந்த ஊரில், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று இன்று பழைய பேட்டையைக் காட்டிலும் நெரிசலானது.

இந்நெரிசலுக்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையைக் குறைந்த ஆற்றலில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005 ஜனவரியில் விதி செய்தது. தமிழில் சொல்வதானால் அது ஓர் அலைப் புறம்போக்கு. யாரும் மாடு கட்டலாம். யாரும் யாரையும் விரட்ட முடியாது. வை-ஃபையும் புளூடூத்தும் சுட்டியின் டாங்கிளும் மேய்வது அந்த ஒரே நிலத்தில்தான். வை-ஃபையின் ஒரு தடம் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்டது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்று படாமல் அங்கு வழக்கமாகப் பயன்படுத்தப்படும் தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றே. பத்து வீடுகளின் ரௌட்டர்கள் அந்த மூன்றையும் நிறைத்திருக்க, இடையில் கிடைக்கும் சந்துகளில் ஒரு சுட்டியின் மெல்லிய குரல் வழி கண்டுபிடித்துப் போக வேண்டும். பெரும்பாலும் போய்விடுகிறது. போகாத வேளைகளில் "மவுஸ் போச்சு" என்கிறார்கள்.

இங்கேதான் வினைச்சொற்களின் பயன் தொடங்குகிறது. "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை மூட்டையைப் பிரித்தால் உள்ளே குறைந்தது ஐந்து வேறு வாக்கியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு திசையைக் காட்டும்.

"நகரவே இல்லை" என்பது முதல் வாக்கியம். சுட்டி முற்றிலும் அசைவற்றிருந்தால் ஐயம் முதலில் மின்கலத்தின்மீது விழ வேண்டும். அடுத்து அடிப்பகுதியிலுள்ள சுவிட்சின்மீது. பைக்குள் கிடக்கும்போது அது தானே அணைந்துவிடுவது வழக்கம். மின்கலம் புதிது என்பதே போதாது. அது தொடும் உலோகத் தகட்டில் வெண்மையாகப் பூத்திருந்தால், பழைய ஆல்கலைன் மின்கலம் கசிந்திருக்கிறது என்று பொருள். அந்தப் படிவு காரத்தன்மை உடையது. கையில் படாதவாறு, பஞ்சில் சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, நன்கு உலர்த்தினால் பல சுட்டிகள் உயிர்பெற்றுவிடும். அடுத்தது டாங்கிள். மின்கல அறையிலேயே அதற்கொரு பொந்து இருப்பதையும், அது அங்கேயே உறங்கிக்கொண்டிருப்பதையும் கவனிக்காமல் புதுச் சுட்டியையே பழுது என்று திருப்பிக் கொடுப்பதும் நடக்கக்கூடியதுதான்.

"விட்டுவிட்டு நகர்கிறது" என்பது இரண்டாவது. இது காற்றின் பழுது. சுட்டி பேசுகிறது, டாங்கிளுக்குச் சில சொற்கள் கேட்கவில்லை. மேசைக்கடியில் இருக்கும் கணினிப் பெட்டியின் பின்புறத்தில் டாங்கிள் செருகப்பட்டிருந்தால், இடையில் பெட்டியின் உலோகமும், சில வேளை மேசையின் உலோகமும், அமர்ந்திருப்பவரின் கால்களும் நிற்கின்றன. உலோகம் அலையைத் தடுக்கும். நீர் நிறைந்த மனித உடல் அதை உறிஞ்சும். டாங்கிளை முன்பக்கத்துக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும். வீட்டு ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால், மடிக்கணினியையும் கைப்பேசியையும் அதற்கு மாற்றிவிடுவது, புறம்போக்கிலிருந்து சொந்த மாடுகளையாவது ஓட்டிச் செல்வதற்கு ஒப்பாகும். அண்டை வீட்டாருக்கும் அது நன்மை.

இவ்வகையிலேயே பலரும் அறியாத காரணம் ஒன்றுண்டு. தரவு வேகத்துக்காகச் செருகப்படும் யூ.எஸ்.பி. 3.0 வன்தட்டும் அதன் கம்பியும், இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. இதை இன்டெல் நிறுவனம் 2012-இல் தன் தொழில்நுட்ப அறிக்கை ஒன்றிலேயே அளந்து காட்டியது. ஆய்வுத் தரவுகளை வெளித்தட்டில் படியெடுக்கும் நேரம் பார்த்துச் சுட்டி தடுமாறினால், அது தற்செயலன்று. டாங்கிளும் வன்தட்டும் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டுகளில் இருப்பதே காரணமாகலாம். ஒரு சிறிய யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி வாங்கி, டாங்கிளை அதிலிருந்து விலக்கிச் சுட்டியின் அருகே கொண்டுவந்து வைப்பது இதற்கு எளிய மருந்து. கம்பியை ஒழிக்க வந்த கருவிக்கு ஒரு முழக் கம்பியே துணை என்பதில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் அது வேலை செய்கிறது.

"தாவுகிறது" அல்லது "நடுங்குகிறது" என்பது மூன்றாவது. இது கண்ணின் பழுது. திரையில் அம்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பாய்கிறது. கையை எடுத்த பின்னும் மெல்ல அசைகிறது. கண்ணாடி மேசையில் சாதாரண ஒளியுணரிக்குப் பார்க்க எதுவும் இல்லை. ஒளி ஊடுருவிச் சென்றுவிடுகிறது. பளபளப்பான சன்மைக்காவில் ஒளி கண்ணாடிபோல் எதிரொளித்துக் கூசுகிறது. சிறு சிறு மேடுபள்ளம் உள்ள மரப்பலகையோ துணிவிரிப்போ, ஏதுமில்லையெனில் ஒரு சாதாரண வெள்ளைத்தாளோ போதும். தாளின் நார்களே உணரிக்கு அடையாளக் கற்களாகின்றன. அடித்துளையில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் இதே நடுக்கம் வரும். வாயால் ஊதுவதைவிட உலர்ந்த தூரிகையால் எடுப்பது நல்லது.

"ஒன்று சொடுக்கினால் இரண்டாகிறது" என்பது நான்காவது. கோப்பைத் தெரிவு செய்ய நினைத்தால் திறந்துகொள்கிறது. ஒரு சொல்லை இழுத்துச் செல்லும்போது நடுவில் நழுவிவிடுகிறது. இது ஐந்திலும் உண்மையாகவே சுட்டிக்குள் இருக்கும் பழுது. பொத்தானுக்கடியில் உள்ள நுண்சுவிட்சின் உலோகத் தகடு இலட்சக்கணக்கான அழுத்தங்களால் தளர்ந்திருக்கும். அல்லது அதன் தொடுமுனையில் மாசு படிந்திருக்கும். இதற்குச் சுவிட்சை மாற்றுவதே வழி. பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் எஸ்.பி. ரோடு என்று அழைக்கப்படும் சாதர் பத்ரப்பா சாலையின் மின்னணுக் கடைத்தெரு இத்தகைய உதிரிகளுக்குப் பெயர்பெற்றது. பற்றவைக்கத் தெரிந்தவருக்கு இது சில நிமிட வேலை. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் பற்றவைப்புக் கோல் இல்லாத இடம் அரிது.

"எழுந்திருக்கத் தாமதிக்கிறது" என்பது ஐந்தாவது. சற்று நேரம் கட்டுரை படித்துவிட்டு மீண்டும் சுட்டியைத் தொட்டால் ஓரிரு நொடி பதில் இல்லை. சில வேளை சொடுக்கினால்தான் விழிக்கிறது. இது பெரும்பாலும் பழுதே அன்று, சிக்கனம். மின்கலம் நீடிப்பதற்காகச் சுட்டி தானே உறங்குகிறது. ஆனால் நீண்ட நேரம் விழிக்காமல், டாங்கிளைக் கழற்றிச் செருகினால் மட்டும் சரியாகிறதென்றால், உறங்கியது சுட்டியன்று. கணினி, மின்சாரத்தைச் சேமிப்பதற்காக யூ.எஸ்.பி. போர்ட்டை அணைத்திருக்கிறது. விண்டோஸில் அந்தப் போர்ட்டின் மின்மேலாண்மை அமைப்பில், கணினி இதை அணைக்கலாம் என்ற அனுமதியை நீக்கினால் போதும்.

ஐந்து வாக்கியங்களில் சுட்டியை மாற்றியாக வேண்டிய கட்டாயம் ஒன்றில்கூட இல்லை. ஒன்றில் அதன் ஓர் உறுப்பை மாற்ற வேண்டும், அவ்வளவே. "வேலை செய்யவில்லை" என்ற வாக்கியமோ ஐந்துக்கும் ஒரே மருந்தைச் சொல்கிறது: புதிது வாங்கு.

வாக்கியம் தெளிந்த பிறகும் ஐயம் எஞ்சினால் அதைத் தீர்க்கும் முறை ஆய்வாளர்களுக்குப் புதியதன்று. ஒரு மொழியின் ஒலியன்களைக் கண்டறிய மொழியியலார் ஒரே ஓர் ஒலியில் மட்டும் வேறுபடும் சொற்களை அருகருகே வைப்பர். பலம், பழம் என்ற இரண்டில் மற்ற எல்லாம் ஒன்றாயிருக்க லகரமும் ழகரமும் மட்டும் மாறிப் பொருள் மாறுவதால், அவை தமிழில் தனித்தனி ஒலியன்கள் என்று உறுதியாகிறது. இரண்டு ஒலிகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எந்த முடிவுக்கும் வர இயலாது. பழுதறிதலின் இலக்கணமும் இதுவே. சுட்டியையும் டாங்கிளையும் அப்படியே எடுத்து நண்பரின் கணினியில் செருக வேண்டும்; அங்கு ஒழுங்காக ஓடினால் சுட்டி குற்றமற்றது. நண்பரின் சுட்டியை இங்கே கொண்டுவர வேண்டும்; அதுவும் தடுமாறினால் குற்றம் மேசையிலோ போர்ட்டிலோ காற்றிலோ இருக்கிறது. பிறகு மேசையை மட்டும் மாற்ற வேண்டும். பிறகு போர்ட்டை மட்டும். ஒரு நேரத்தில் ஒன்றே மாற வேண்டும். மின்கலம், டாங்கிள், விரிப்பு மூன்றையும் ஒருசேர மாற்றிச் சரியானால் மகிழலாம். ஆனால் எதுவும் அறிந்ததாகாது. அடுத்த முறையும் மூன்றையும் வாங்க வேண்டியிருக்கும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அதைப் புறக்கணிப்பது நேர்மையன்று. ஆய்வாளரின் நேரம் விலையுயர்ந்தது. ஒப்படைப்பு நாள் நெருங்கும்போது சில நூறு ரூபாய்ச் சுட்டிக்காக அரைமணி நேரம் செலவிடுவது அறிவீனம் என்பர். அவசரத்தில் புதிது வாங்குவது தவறே அன்று. ஆனால் இந்த வாதம், புதிது வாங்கினால் சிக்கல் தீரும் என்ற எடுகோளின்மேல் நிற்கிறது. காற்றும் மேசையும் போர்ட்டும் காரணமாயின் அந்த எடுகோள் தவறு. செலவழித்த பணத்தோடு அரைமணி நேரமும் சேர்ந்தே போகும். எடுகோளைச் சோதிக்காமல் முடிவுக்கு வரும் ஒரு கட்டுரையை எந்த ஆய்வு நெறியாளரும் ஏற்பதில்லை. மேலே சொன்ன முதல் சோதனைக்கு ஆகும் நேரம் ஒரு தேநீர் ஆறும் நேரத்தைவிடக் குறைவு.

பொறுப்பு முழுவதையும் பயனர் தலையில் கட்டுவதும் நியாயமன்று. மலிவான சுட்டிகள் பலவற்றில் டாங்கிள் தொழிற்சாலையிலேயே அந்த ஒரு சுட்டியோடு பிணைக்கப்பட்டுவிடுகிறது. விரல்நக அளவுள்ள டாங்கிள் தொலைந்தால், எந்தக் குறையுமற்ற சுட்டி குப்பையாகிறது. வேறு டாங்கிளோடு மீண்டும் இணைக்கும் வசதி தொழில்நுட்பத்தால் இயலாததன்று. லாஜிடெக் நிறுவனம் 2009-இலேயே பல கருவிகளை ஒரே டாங்கிளில் இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அதே நிறுவனம் 2021-இல் கொண்டுவந்த போல்ட் என்ற புதிய டாங்கிள், பழைய முறைச் சுட்டிகளோடு இணையாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே இரண்டு மொழிகள். பொதுமொழி என்று எதுவும் இல்லை. டாங்கிள் தேவைப்படாத புளூடூத் சுட்டி ஓரளவு விடுதலை தருகிறது. அதுவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் நிலத்தில்தான் மேய்கிறது என்றாலும், நெரிசலான தடங்களைத் தவிர்த்துத் தாவித் தாவிச் செல்லும் திறன் அதற்கு உண்டு.

இந்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை 2022-இல் அமைத்தபோது வேளாண் கருவிகள், கைப்பேசிகளும் பலகைக் கணினிகளும், வீட்டு நுகர்பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை முன்னிறுத்தியது. சுட்டி போன்ற சிறு கருவிகள் அந்த நான்கில் பெயர்சொல்லி இடம்பெறவில்லை. மறுபுறம், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், கணினியோடு அதன் உள்ளீட்டுக் கருவிகளையும் கணக்கில் கொள்கின்றன. அதாவது குப்பையாகும்போது சுட்டிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது; குப்பையாகாமல் காப்பாற்றப்படும் உரிமைகளின் முதல் வரிசையில் இடம் இல்லை. டாங்கிள் தனியாகக் கிடைக்க வேண்டும், எந்தச் சுட்டியையும் மீண்டும் இணைக்க இயல வேண்டும், உள்ளே மூடப்பட்ட மின்கலத்தைப் பயனரே மாற்ற இயல வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளும் மிகையானவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனர் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரியைக் கெடுவாக வைத்திருக்கிறது.

ஆயினும் கோரிக்கை வைப்பதற்கும் சொற்கள் வேண்டும். இங்கே தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் ஒரு பழைய சாய்வைப் பேசியாக வேண்டும். கணினித்தமிழ் பெயர்ச்சொற்களில் வறுமைப்படவில்லை. சுட்டி, சுட்டெலி, இடஞ்சுட்டி, விசைப்பலகை, திரை எனப் பலவும் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. அவற்றுள் சுட்டி சிறப்பானது. அ, இ, உ எனச் சுட்டெழுத்துகளை வகுத்த இலக்கண மரபுக்கு அது ஒரு பக்கம் உறவு. சொன்ன பேச்சைக் கேளாத பிள்ளையைச் சுட்டி என்று அழைக்கும் வீட்டு வழக்குக்கு மறுபக்கம் உறவு. சொல் அழகாகவே அமைந்தது. ஆனால் அந்தச் சுட்டி என்ன செய்கிறது, எப்படிக் கெடுகிறது என்று சொல்லும் வாக்கியங்களை எவரும் எழுதவில்லை. கலைச்சொல் அகரமுதலிகள் பொருளுக்குப் பெயரிட்டுவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. பழுது வாழ்வது வினைச்சொல்லில்.

அந்த வினைச்சொற்களைப் புதிதாகப் படைக்க வேண்டியதும் இல்லை. விட்டுவிட்டு வருதல், தாவுதல், நடுங்குதல், திணறுதல், நழுவுதல், கூசுதல் ஆகிய அனைத்தும் வயலிலும் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் வழங்கும் சொற்கள். பம்புசெட்டுக்குச் சொல்ல முடிந்ததைச் சுட்டிக்குச் சொல்ல முடியாததற்குக் காரணம் தமிழின் குறையன்று. கருவி ஆங்கிலத்தில் வந்ததால் அதன் பழுதும் ஆங்கிலத்துக்கே உரியது என்ற தயக்கம்தான். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் கையேட்டில் பல மொழிகள் இருக்கும். தமிழ் இருப்பது அரிது. சிற்றூரிலிருந்து தமிழ்வழியில் படித்து பெங்களூர் வரும் மாணவர், அப்பா மோட்டார் பழுதை விளக்கும் நேர்த்தியைக் கேட்டே வளர்ந்தவர். இங்கே ஆய்வகத்தில் சுட்டி தடுமாறும்போது, ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்ற கூச்சத்தில் அவர் ஒன்றும் சொல்லாமல் புதியது வாங்கிக்கொள்கிறார். அவரிடம் ஏற்கெனவே இருந்த ஓர் அறிவு பயன்படாமல் போகிறது.

செய்ய வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. துறைதோறும் ஒரு பெட்டி: அதில் பொதுவான இரண்டு யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பிகள், சோதிப்பதற்கென ஒரு நல்ல சுட்டி, மின்னேற்றும் மின்கலங்கள் நான்கு. அதன் பக்கத்தில் தீர்ந்த மின்கலங்களைச் சேர்க்க ஒரு தனிக் கலன். சுவரில் ஒரு தாள்: மேலே சொன்ன ஐந்து வாக்கியங்களும், ஒவ்வொன்றின் எதிரே முதலில் பார்க்க வேண்டிய இடமும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அது தமிழில் இருக்கட்டும். பெங்களூரில் கன்னடமும் தமிழும் ஆங்கிலமும் அருகருகே இருக்கட்டும். கணினிப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் செய்முறைத் தேர்வில் ஒரு வினாவை இதற்கு ஒதுக்கலாம்: தடுமாறும் சுட்டி ஒன்றைக் கொடுத்து, பழுது எங்கே என்பதை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கண்டறிந்து, ஐந்து வரியில் தமிழில் எழுதச் சொல்லலாம். மதிப்பெண் சரிசெய்ததற்கு இருக்க வேண்டியதில்லை. சரியாகச் சொன்னதற்கு இருந்தால் போதும்.

அந்தத் தேர்வில் தேறிய மாணவர் அடுத்த முறை மல்லேஸ்வரத்துக் கடையில் நின்று, "வன்தட்டைச் செருகியிருக்கும்போது மட்டும் சுட்டி விட்டுவிட்டு நகர்கிறது, ஒரு நீட்டிப்புக் கம்பி வேண்டும்" என்று கேட்பார். எந்த மொழியில் கேட்டாலும் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.